பிரேக் ரிலேயை மாற்றுவதற்கு முன்

வாகனக் கேள்வி – பதில்

கேள்வி: நான் 2007ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா பிரியஸ் காரைப் பாவிக்கிறேன். சென்ற மாதம் கராஜ் ஒன்றில் முன் பிரேக் பேட்களை மாற்றினேன். அதன் பின்னர் சிவப்புப் பிரேக் விளக்கும் ஏபிஎஸ் (சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் விட்டுவிட்டு எரிகின்றன. பிரேக் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பழுது என்கிறார்கள். அதை நானே வாங்கி மாற்றலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னர், சிவப்பு விளக்கு எரியும் நிலையில் இந்தக் காரைக் கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைப் பக்கம் மலைப்பாதையில் இறக்கவே வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் வழமையான பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும். சிவப்பு விளக்கு அப்படியன்று. உங்கள் காரில் ஒரு மின் பம்ப் பிரேக் எண்ணெயை உயர் அழுத்தத்தில் சேமித்து வைக்கிறது. அந்த அழுத்தம் குறைந்துவிட்டால் உங்கள் காலின் பலம் மட்டுமே முன் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். சமதரையில் பெடலை இறுக மிதித்து நிறுத்திவிடலாம். நீண்ட இறக்கத்தில் அதை நம்பி வளைவுக்குள் நுழைய முடியாது.

அந்தப் பம்புக்கு மின்சாரம் கொடுப்பவை என்ஜின் பகுதியிலுள்ள பெட்டியில் இருக்கும் 2 மோட்டார் ரிலேக்கள். பெடலைத் தொடாமல் ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பம்ப் இயங்கத் தொடங்கும் என்பதால், பேட் மாற்றும்போது முறையறிந்த மெக்கானிக் அந்த ரிலேக்களைக் கழற்றி வைப்பார். உங்கள் கேள்வியில் என் கவனத்தை இழுத்தது இதுதான்: பேட் மாற்றிய பிறகே விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது. எனவே கழற்றிய ரிலே முழுமையாக அழுத்தப்படாமலோ, அதன் கால் (பெட்டியில் செருகும் உலோக முனை) வளைந்தோ இருக்கக்கூடும். காரை நிறுத்தி, 12 வோல்ட் பேட்டரியின் மறை (−) முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்து, ரிலேப் பெட்டியின் மூடியிலுள்ள படத்தைப் பார்த்து இரண்டையும் அவற்றின் இடங்களிலேயே நன்றாக அழுத்திப் பொருத்துங்கள். ரிலேயின் கால்களில் பச்சை நிற அரிப்பு படிந்திருந்தால், அது நமது மழையும் பனிமூட்டமும் செய்த வேலை.

'டிக்' என்ற ஒலி கேட்டதை மட்டும் வைத்து ரிலே நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளே தொடுமுனைகள் கருகியிருந்தாலும் சுருள் இயங்கி அந்த ஒலியை எழுப்பும். ரிலே இயங்கித் தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நிலையில் அவற்றின் மின்தடையை மீட்டரால் அளந்தால், அது சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

ரிலே உண்மையிலேயே கருகியிருந்தால், புதியதைப் போட்ட பின்னர் பம்பின் சத்தத்தைக் கவனியுங்கள். அது சிறிது நேரம் ஓடி நின்றுவிட வேண்டும். பெடலை மிதிக்காமலே அடிக்கடி ஓடுமானால் உள்ளே அழுத்தம் கசிகிறது. அப்படியானால் அடுத்த ரிலேயும் நெடுநாள் தாங்காது. ஸ்கேனரால் பிழைக் குறியீடுகளைப் படித்து, குறித்துவைத்துக்கொண்ட பிறகே அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த ரிலே மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: கதவுக் கண்ணாடிக்கோ ஹோர்னுக்கோ என்றால் வாங்குங்கள். பிரேக்குக்கு வேண்டாம். கால்கள் பொருந்துவதாலேயே அது அதே ரிலே ஆகிவிடாது. பழையதில் அச்சிட்ட பாக எண்ணைக் காட்டிப் புதியதையே கேளுங்கள்.