7 வயதுப் பிக்கப்பா, இப்போது வந்த புது வடிவமா?

கேள்வி: பிக்கப் டிரக் வாங்கப் போகிறேன். இரண்டில் ஒன்று என்ற இடத்துக்கு வந்து நிற்கிறேன். முதலாவது 7 ஆண்டு ஓடிய டீசல் வண்டி. ஒரே உரிமையாளர், 1,30,000 கிலோமீட்டர். இரண்டாவது, அதே நிறுவனம் அடியோடு மாற்றி வடிவமைத்து 6 மாதங்களுக்கு முன் வெளியிட்ட மாடல். வாரத்தில் மூன்று நாள் பொருள் ஏற்றுவேன். மாதம் ஒருமுறை 2,000 கிலோ டிரெய்லரை இழுக்க வேண்டும். மற்ற நாட்களில் குடும்பத்தோடு பயணம். 10 ஆண்டாவது வைத்திருக்க எண்ணம். எதை வாங்கலாம்?

பதில்: இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஏற்றும் பொருளின் எடையை மட்டும் சொல்லவில்லை. இரண்டு வண்டிகளில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை அந்த ஓர் எண்ணே பாதி தீர்மானித்துவிடும்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறனைத் தற்சமயம் மறந்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையிலோ அதன் அருகிலோ ஒரு தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் வண்டியும் சுமையும் ஆட்களும் சேர்ந்து எவ்வளவு எடை வரை போகலாம் என்ற உச்சவரம்பு எழுதியிருக்கும். அதிலிருந்து வண்டியின் வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்களுக்கு உரிய சுமை. உதாரணத்துக்கு, உச்சவரம்பு 3,050 கிலோ, வெற்று எடை 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 950. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து பேர் ஏறினால் 375 கிலோ போய்விடும். 2,000 கிலோ டிரெய்லர் கொக்கியின்மேல் அழுத்தும் எடை பொதுவாக அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். அதாவது 200 முதல் 300 கிலோ. அதுவும் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மேல்மூடி, இரும்பு பம்பர், கருவிப் பெட்டி என்று 100 கிலோ பொருத்தியிருந்தால், பின்தளத்தில் ஏற்ற மீதமிருப்பது 175 முதல் 275 கிலோ. ஒரு டன் வண்டி என்று நம்பி வாங்கியவர் சிமெண்ட் மூட்டை ஐந்தை ஏற்றியதும் வரம்பைத் தொட்டுவிடுவார்.

இந்தக் கணக்கை இரண்டு வண்டிகளுக்கும் தனித்தனியே போடுங்கள். மாடலின் பெயருக்குப் போட்டால் போதாது. நீங்கள் வாங்கப்போகும் அந்த வண்டிக்கே போட வேண்டும். ஒரே மாடலில் சன்ரூஃப், பெரிய சக்கரம், மின்சார இருக்கை எல்லாம் வைத்த உயர்ந்த வகை, சாதாரண வகையைவிடக் குறைவாகவே சுமக்கும். அலங்காரத்தின் எடையும் சுமையிலிருந்துதான் கழிகிறது.

இனி, புது வடிவம் என்றால் உள்ளே என்ன மாறுகிறது என்று பார்ப்போம். முகப்பு விளக்கும் பெரிய திரையும் மட்டும் மாறியிருந்தால் அது முகம் திருத்தியது, பழைய வண்டியேதான். அடியோடு மாற்றியது என்றால் பெரும்பாலும் மூன்று இடங்களில் கை வைத்திருப்பார்கள்: எஞ்சின், கியர்பெட்டி, பின் சஸ்பென்ஷன். டொயோட்டாவின் டுண்ட்ரா பிக்கப் நல்ல எடுத்துக்காட்டு. 2007 முதல் 2021 வரை வந்த தலைமுறையில் 5.7 லிட்டர் வி8 (8 சிலிண்டர்) எஞ்சின், 6 கியர், பின்னால் பட்டை ஸ்பிரிங், அதாவது அடுக்கிய எஃகுப் பட்டைகள். 2022 மாடலில் ஏறத்தாழ 3.5 லிட்டர் வி6 எஞ்சினும் இரண்டு டர்போவும், 10 கியர், சுருள் ஸ்பிரிங். இழுவிசை கூடியது, எரிபொருள் செலவு குறைந்தது, வெறும் வண்டியாக ஓட்டும்போது பின்பக்கம் துள்ளுவதும் குறைந்தது. காகிதத்தில் எல்லாமே முன்னேற்றம்தான்.

2024 மே மாதம், அதே புதிய தலைமுறையின் 2022, 2023 மாடல்களையும் அந்த எஞ்சினைப் பகிர்ந்துகொண்ட லெக்ஸஸ் வண்டிகளையும் சேர்த்து அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை நிறுவனம் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது எஞ்சினுக்குள் இருந்து முழுதாக அகற்றப்படாத உலோகத் துகள்கள்தான் காரணம். நிறுவனம் சொன்னபடி இது வரைபடத்தின் பிழையல்ல, தயாரிப்பின் பிழை. முதல் ஆண்டு மாடலைத் தவிர்க்கச் சொல்வதை மூடநம்பிக்கை என்று சிலர் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

அப்படியானால் பழையதுதான் பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த வி8 எஞ்சின் வண்டியின் 2007, 2008 மாடல்களிலும், அவற்றோடு வேறு இரண்டு டொயோட்டா மாடல்களிலும் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அளவுக்கு மீறித் துருப்பிடிப்பதாக வழக்கு நடந்தது. 2016இல் எட்டிய சமரசம் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் தழுவியது. 2007 என்பது அந்தத் தலைமுறையின் முதல் ஆண்டு என்பதைக் கவனியுங்கள். ஒருகாலத்தில் அதுவும் புது வடிவம்தான். எஞ்சினில் குறை இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் தெரிந்துவிடும்; துரு வெளியே வரப் பல ஆண்டுகள் ஆகும். புதிய மாடலின் நோய்கள் இன்னும் பெயர்கூட வைக்கப்படாதவை. பழையதன் நோய்களுக்குப் பெயரும் மருந்தும் தெரியும், தேடிப் பார்க்க ஆள் மட்டும் வேண்டும்.

ஆகவே, நீங்கள் பார்த்திருக்கும் 7 வயது வண்டி அதன் தலைமுறையின் எத்தனையாவது ஆண்டில் வந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்தத் தலைமுறை வந்து நான்கைந்து ஆண்டுகள் கழிந்தபின் தயாரான வண்டி என்றால் என் மனம் பாதி அதன் பக்கம் சாய்ந்துவிடும். முதல் ஆண்டு வண்டி என்றால், அறிவிக்கப்பட்ட திருத்தப் பணிகள் எல்லாம் அதில் செய்து முடிக்கப்பட்டனவா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே கேளுங்கள்.

பிறகு மெக்கானிக்கோடு போய் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் சேஸிஸைப் பாருங்கள். எஞ்சினை மாற்றலாம், சேஸிஸ் போனால் வண்டியே போயிற்று. நான்கு பக்கமும் மூடிய சட்டங்களுக்குள் சேறும் உப்பும் புகுந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் சோர்ந்த சத்தம் தரும். பின் ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸோடு சேரும் தாங்கிகளைச் சுற்றி நிதானமாகப் பாருங்கள். விற்பனைக்கு முன் அடிப்பாகத்துக்குப் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

இன்னொன்று, அந்த உரிமையாளர் வண்டியை எப்படிப் பயன்படுத்தினார் என்பது. 1,30,000 கிலோமீட்டர் டீசல் பிக்கப்புக்குப் பெரிய ஓட்டமில்லை. ஆனால் அதில் பாதி கனத்த டிரெய்லரோடு மலையேறியதா, காலியாகச் சமவெளியில் ஓடியதா? கொக்கியின் குண்டு தேய்ந்து பளபளக்கிறதா, கியர்பெட்டி எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசுகிறதா, பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகிவிட்டனவா என்று பாருங்கள். வாயால் சொல்லாததை இவை சொல்லிவிடும். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது முதன்முறை ஸ்டார்ட் செய்வது உங்கள் முன்னால் நடக்க வேண்டும். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் நாளை வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்கியர் விழுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் இறுகிப்போயிருப்பது உண்டு.

டீசல் என்பதால், புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் கரித்துகள் வடிகட்டியையும் விசாரிக்க வேண்டும். சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியில் அந்த வெப்பம் வருவதே இல்லை; வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான தலைவலி. ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற ஹைலக்ஸ் பிக்கப் உள்ளிட்ட 2,60,000க்கும் மேற்பட்ட டொயோட்டா டீசல் வண்டிகளில் வடிகட்டி அமைப்பே குறையுள்ளது என்று 2022இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் தொடர்ந்து ஓட்டும்போதுதான் அங்கே சிக்கல் தலைதூக்கியது. புதிய மாடலும் டீசல் என்றால் அதற்கும் இதே கேள்விதான்: உங்கள் அன்றாட ஓட்டம் எத்தனை கிலோமீட்டர், எந்த வேகத்தில்?

புதிய வண்டி உறுதியாக வெல்லும் இடம் பாதுகாப்பு. இதில் நான் வாதாட மாட்டேன். காலி பிக்கப்பின் பின்பக்கம் எடையில்லாதது. ஈரச் சாலை வளைவில் பிரேக் பிடித்தால் வால் வீசிக்கொண்டு போகும். அதைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு அந்தப் பழைய வண்டியில் இருக்கிறதா? பக்க ஜன்னல்களை மறைத்துத் தலையைக் காக்கும் திரை ஏர்பேக் பின் இருக்கைக்கும் சேர்த்து உண்டா? சில சந்தைகளில் விற்ற தாழ்ந்த வகைகளில் இவை இருந்ததில்லை. நிலைப்புக் கட்டுப்பாடு இல்லாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 10 ஆண்டு ஓட்டும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன், சேஸிஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

பழுதுபார்ப்பதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. பழைய வண்டிக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், அதைக் கழற்றிப் பழகிய கைகளும் உண்டு. முதல் ஓராண்டு புதிய மாடலுக்கு விளக்கு உடைந்தால்கூடக் காத்திருக்க நேரலாம். ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் உடல் 2015 மாடலில் அலுமினியத்துக்கு மாறி, சில வகைகளில் எடை 300 கிலோவுக்கும் மேல் குறைந்தபோது, ஒடுக்கு எடுக்கும் பட்டறைகள் பல தனிக் கருவியும் பயிற்சியும் தேட வேண்டியிருந்தது. வண்டி நன்றாகவே நிலைத்தது; பட்டறைகளுக்குத்தான் பழகக் காலம் பிடித்தது. ஏழாவது, எட்டாவது ஆண்டில், உத்தரவாதம் முடிந்தபின், பம்பருக்குள் இருக்கும் ரேடாரும் கண்ணாடியின் பின் இருக்கும் கேமராவும் உங்கள் பையிலிருந்துதான் பணம் கேட்கும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் 6 மாத மாடலை இன்று வாங்க மாட்டேன். பழைய வண்டியின் சேஸிஸ் சுத்தம், நிலைப்புக் கட்டுப்பாடும் திரை ஏர்பேக்கும் உண்டு, சுமைக் கணக்கும் ஒத்துவருகிறது என்றால் அதையே வாங்கி, மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை ஸ்பிரிங் பட்டை, ரப்பர் புஷ், பிரேக், டயருக்கு என்று முதல் மாதமே செலவிடுவேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேறு வண்டி தேடுவேன். நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: அதே பழைய தலைமுறையின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்து, அதிகம் ஓடாத வண்டி. புது வடிவம் வந்ததும் பலர் அவற்றை மாற்றக் கொண்டுவந்து விடுவார்கள் என்பதால் இப்போது தேடினால் கிடைக்கும். புதியதுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், ஒன்றரை ஆண்டு பொறுத்து இரண்டாம் ஆண்டு மாடலைப் பாருங்கள்.

ஏற்றும் பொருளின் எடை, இரண்டு வண்டிகளின் கதவு நிலைத் தகட்டுப் படம், பழையதன் பின்பட்டைத் தாங்கிகளுக்கு மேலே சேஸிஸ் தெரியும்படி இரண்டு படங்கள்: இவற்றை அனுப்புங்கள். தாங்கியின் உள்பக்கத்தையும் காட்டுங்கள். விற்பவர்கள் வெளிப்பக்கத்தைத்தான் துடைத்துவைப்பார்கள்.