காணாமற்போன தூபக்கால்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் ஒரு பழம்பொருள் கடையில் நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான் தூபக்கால் ஒன்றை வாங்கினேன். மூன்று கால்கள்; உடலைச் சுற்றி ஒரு டிராகன். அடியில் உள்ள ஆறு எழுத்துகளுக்கு, மிங் வம்சத்து ஷுவாந்தெ பேரரசர் காலத்தில் செய்தது என்று பொருளாம். உள்ளே சாம்பல் அடையாகப் படிந்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன். இது அசல்தானா? என்ன விலை பெறும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விலை ஏலக்கூடத்தாரின் கவலை; என்னிடம் கேட்காதீர்கள். எழுத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷுவாந்தெ ஆண்டது 1425 முதல் 1435 வரை. அவர் பெயர் தாங்கிய பீங்கான்களோ அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் செய்யப்பட்டன. முன்னோரின் கைத்திறனை வணங்கி எழுதியவர்களும் உண்டு, ஏமாற்ற எழுதியவர்களும் உண்டு. உடைந்து குப்பைக்குப் போகக்கூடிய கலத்தில் ஆளும் பேரரசரின் பெயர் இருக்கலாகாது என்று 1677-இல் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெசென் நகரத்து அதிகாரி தடை விதித்தபோது, சில குயவர்கள் பழைய பேரரசர்களின் பெயர்களை எழுதினார்கள். சிலர் எழுத்தைச் சுற்றி வரும் இரட்டை வட்டத்தை மட்டும் வரைந்து நடுவை வெறுமையாக விட்டார்கள். அடியில் எழுதியிருப்பதை வைத்து மட்டும் வயது சொல்ல முடியாது.

நான் இந்தப் பதிலை எழுதுவதே வேறொரு தூபக்காலுக்காக. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள இரண்டு நீலவெள்ளைப் பூச்சாடிகள் இருக்கின்றன. பம்பாயில் 1892-இல் பிறந்த பீங்கான் சேகரிப்பாளர் பெர்சிவல் டேவிட் இரு வேறு இடங்களிலிருந்து வாங்கி ஒன்றுசேர்த்த ஜோடி அது. கழுத்தில், வாழையிலை வரிசைக்கு நடுவே, ஜாங் வென்ஜின் என்ற பக்தர் தன் ஊரைச் சொல்லி, குடும்பம் காக்கப்படவும் பிள்ளைகள் நலமாக இருக்கவும் வேண்டிக்கொண்டு, ஒரு தாவோயிசக் கோயிலுக்கு 1351-இல் இவற்றைக் காணிக்கையாக அளித்ததாக எழுத்து ஓடுகிறது. (எழுத்தை நம்பாதே என்று சொன்னவன் இதை மட்டும் நம்புகிறேன். அரசமுத்திரையைப் பொய்யாக எழுத ஆயிரம் காரணம் உண்டு. பிள்ளைகளுக்காக வேண்டியவனுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?) பதினான்காம் நூற்றாண்டு நீலவெள்ளைப் பீங்கான்களுக்குக் காலம் கணிக்க அறிஞர்கள் உரைகல்லாகக் கொண்டது இந்த ஜோடியைத்தான்.

ஆனால் அந்த எழுத்து முதலில் சொல்வது தூபக்காலை. பூச்சாடிகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பூச்சாடிகள் இருக்கின்றன, தூபக்கால் இல்லை.

அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நான் அரைமணி நேரம் நின்றேன். யானைத்தலைக் கைப்பிடிகளில் தொங்கியிருந்த வளையங்கள்கூடப் போய்விட்டன. மற்றவர்கள் சாடிகளிலுள்ள டிராகனைப் பார்த்து நகர்ந்தார்கள். என் கண்ணோ இரண்டு சாடிகளுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்திலேயே நின்றது. பூச்சாடிக்குப் பெரிய வேலை இல்லை, ஓரமாக நின்றால் போதும். தூபக்காலோ நாள்தோறும் நெருப்பையும் நூறு பேரின் கைகளையும் தாங்க வேண்டும். சாம்பல் நிறைந்தால் யாரோ அதைத் தூக்கிக் கொஞ்சம் கொட்டியிருப்பார்கள், ஒருநாள் கை நழுவியிருக்கும். இதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை. அப்படித்தான் போயிருக்கும் என்று என் மனம் சொல்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். வெந்நீரில் ஊறவைத்தீர்களாம்! ஊதுபத்தி சாயாமல் நிற்பது அந்தச் சாம்பலில்தான். பீங்கானுக்குச் சூடு நேராக ஏறாமல் தடுப்பதும் அதுதான். சாம்பல் மூடிவிடும் என்று தெரிந்தே பல தூபக்கால்களின் உட்புறத்துக்குக் குயவர்கள் மெருகு பூசாமல் விட்டார்கள். யாரோ பெயர் தெரியாத குடும்பம் தன் முன்னோருக்காக ஏற்றிய பத்திகளின் மிச்சத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் சுரண்டிச் சாக்கடையில் விட்டுவிட்டு, அசல்தானா என்று என்னைக் கேட்கிறீர்கள். கோபப்படாதீர்கள்; புதுப் பொருளைக் கழுவி வைக்கச் சொல்லித்தான் நம் வீடுகளில் எல்லோரையும் வளர்த்தார்கள், என்னையும்தான்.

விளிம்பின் உள்மடிப்பிலும் மெருகில்லாத அடிப்பகுதியிலும் விரலை வைத்துப் பாருங்கள். நகக்கண் அளவு சாம்பல் ஒட்டியிருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.