15 வருடம் முடிந்த பைக்கின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? புரோக்கர் 7,500 கேட்கிறார், நியாயமா?

உங்கள் கேள்வியில் இருப்பது இதுதான்: அப்பா பெயரில் உள்ள பைக், 2010 மார்ச்சில் தமிழ்நாட்டில் பதிவானது, ஆர்.சி. காலாவதியாகி ஒன்பது மாதம் ஆகிறது, புரோக்கர் மொத்தமாக 7,500 கேட்கிறார். ஏறக்குறைய இதே நிலையில் நானும் இருந்தேன். எங்கள் வீட்டு ஸ்பிளெண்டர் 2009 ஜூலையில் பதிவானது. 2024 ஜூலையில் 15 வருடம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவைக் கேட்டால், "லைஃப் டாக்ஸ் கட்டியாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றார். பாதி ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆயுள் வரி வேறு, பதிவின் ஆயுள் வேறு. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்.

வண்டியை விற்கலாமா என்று பேச்சு வந்து, வாங்க வந்தவர் ஆர்.சி.யைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அது 2025 ஜனவரிக் கடைசி.

கணக்குக்கு வருகிறேன். பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்னால் இது வெறும் 300. காருக்கு 600 ஆக இருந்தது 5,000 ஆனது. ஆனால் என் பணத்தைத் தின்றது அந்த ஆயிரம் இல்லை, தாமதக் கட்டணம். பைக்குக்கு மாதம் 300, காருக்கு மாதம் 500. மாதத்தில் ஒரு நாள் கூடினாலும் முழு மாதமாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஆறு மாதமும் சில நாட்களும். ஏழு மாதம் என்று கணக்கிட்டு 2,100 வந்தது. அசலைவிட அபராதம் இரண்டு மடங்கு!

இதோடு வண்டியைச் சோதிப்பதற்கு 400, ஸ்மார்ட் கார்டுக்கு 200, ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் பசுமை வரி சில நூறு, சேவைக் கட்டணம், தபால் செலவு. எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம். நேரத்துக்குப் போயிருந்தால் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உங்கள் வண்டிக்கு: கட்டணம் 1,000, ஒன்பது மாதத் தாமதம் 2,700, ஆக 3,700. மற்றவையும் சேர்ந்தால் ஐயாயிரத்தைச் சுற்றி வரும். ஒன்று சொல்ல வேண்டும். நான் கட்டிய பிறகு, 2025 நவம்பரில் தகுதிச் சோதனைக் கட்டணத்தை வண்டியின் வயதை வைத்து ஏற்றியிருக்கிறார்கள். அதனால் என் 400-ஐ அப்படியே நம்ப வேண்டாம். பரிவாகன் என்ற அரசின் வாகன இணையதளத்தில் வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் போட்டு விண்ணப்பத்தைத் தொடங்கினால், பணம் கட்டும் பக்கத்தில் தொகை தனித்தனியாக வரும். கட்டாமல் வெளியே வந்துவிடலாம். அதைப் பார்த்துக்கொண்டு புரோக்கரிடம் பேசுங்கள்.

ஓடிபி வருவதற்கு அப்பாவின் செல்போன் எண் ஆர்.சி.யோடு இணைந்திருக்க வேண்டும். 2009-இல் ஷோரூமில் என்ன எண் கொடுத்தாரோ, கடவுளுக்கே வெளிச்சம். எண்ணை மாற்றவே எனக்கு ஒரு நாள் போனது. முகவரியையும் சரிபாருங்கள். 2024 பிப்ரவரிக் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி. விரைவுத் தபாலில்தான் வருகிறது, கையில் தருவதில்லை. பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தால் கார்டு அங்கே போய்த் திரும்பும்.

அடுத்து, ரசீதில் வராத செலவு. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் முதலில் பார்த்தது பிரேக்கை இல்லை, சேஸிஸ் நம்பரை. ஹேண்டில் பாருக்குக் கீழே துருவும் கிரீஸும் மண்டி ஒரு எழுத்தும் தெரியவில்லை. "இது தெரியலைன்னா திருப்பி அனுப்பிருவாங்க தம்பி" என்று மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அரை மணி நேரம் துடைத்தார். உப்பு தாள் போட்டுத் தேய்க்கவே கூடாதாம். எண் அழிந்துபோனால் அது தனிக்கதை. பின் டயர், இரண்டு பிரேக் ஷூ, ஒரு இண்டிகேட்டர், ஹார்ன் என்று 3,600 ஆனது. நம்பர் பிளேட்டில் எண்ணுக்கு மேலே குலதெய்வத்தின் பெயர் இருந்தது. அதை அழித்து எழுதச் சொன்னதில் அப்பாவுக்கு மனமே இல்லை. கடைசியில் சாமியை மட்கார்டுக்கு மாற்றினோம்.

இன்னொரு சிக்கல், கடன். 2012-லேயே அடைத்து முடித்த வண்டிக் கடன் ஆர்.சி.யில் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்க மூன்று முறை அலைந்தேன். பழைய கணக்கு எண் இல்லாமல் பேசவே மாட்டோம் என்றார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த தவணைப் புத்தகம்தான் காப்பாற்றியது. உங்கள் ஆர்.சி.யிலும் வங்கி பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்பா இல்லாத வீடுகளில் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் ஆன நேரம் அரை நாள். படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பழைய ஆர்.சி. எல்லாம் பார்த்தார்கள். வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார்கள், ஹார்னை அடிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பயந்துகொண்டு போன அளவுக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் கார்டு வீட்டுக்கு வந்தது.

"எதற்கு இவ்வளவு பாடு, உள்ளூருக்குள்ளேதானே ஓட்டுகிறோம், அப்படியே விட்டுவிடலாமே" என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் சொல்லியிருக்கிறார். பதிவு இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே 2,000 முதல் 5,000 வரை அபராதம். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். விபத்தோ திருட்டோ நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவது இந்தத் தேதியைத்தான். தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு கார் திருடுபோனதற்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாதாமாதம் 300 ஏறிக்கொண்டே போவது வேறு.

15 வருடம் ஆனால் வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்பதும் வாட்ஸ்அப் வதந்தி. 15 வருடத்தோடு பதிவு முடிந்துபோவது அரசு வாகனங்களுக்கு. டெல்லிப் பக்கம் பழைய வண்டிகளுக்கு இருக்கிற கெடுபிடி அந்தப் பகுதிக்கானது. நம் ஊரில் தனியார் வண்டி தகுதியாக இருந்தால் புதுப்பிக்கலாம். ஆனால் 20 வருடத்தைத் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 2,000, காருக்கு 10,000. எங்கள் வண்டிக்கு அடுத்த முறை வரும்போது அப்பாவோடு ஒரு சண்டை நிச்சயம்.

புரோக்கரின் 7,500 பற்றி: அதில் ஐயாயிரம் போல ரசீதோடு அரசாங்கத்துக்குப் போகிறது என்றால், மீதி அவர் கூலி. ஒரு நாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டாயிரத்து ஐந்நூறு கொஞ்சம் கூடுதல் என்பேன். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அண்ணே, ரசீது எவ்வளவுக்கு வரும்?" எங்கள் ஊர்க்காரர் இந்தக் கேள்விக்கு டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அதனால்தான் நானே போனேன்.