முதலில் தராசை நிறுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் வீலின் (டயர் இல்லாத வெறும் வீலின்) எடை பற்றியவை. குறுவை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளுகிறது போலிருக்கிறது, எல்லாரும் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வேறு மாட்ட யோசிக்கிறீர்கள்.

மன்னார்குடி: அலாய் (அலுமினியக் கலவை வீல்) என்றாலே ஸ்டீலைவிட லேசுதானே?

'தானே' என்று முடிகிற கேள்வியில்தான் வில்லங்கம் இருக்கும். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பு 7.8. இதை வைத்து எடை மூன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஸ்டீல் வீல் மெல்லிய தகடு. வார்த்த அலாயில் அதே பலம் வேண்டுமென்றால் தடிமனாக ஊற்ற வேண்டும். அதனால் சின்ன காரின் 14 இஞ்ச் ஸ்டீல் வீல் ஏழு கிலோ வாக்கில் இருந்தால், அதே அளவு கம்பெனி அலாயும் பல நேரம் அதைச் சுற்றித்தான் நிற்கும். நிஜமாகவே லேசானது வேண்டுமானால் ஃபோர்ஜ்டு, அதாவது ஊற்றாமல் அழுத்தி அடித்துச் செய்த வீல். விலை கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

திருத்துறைப்பூண்டி: வீலின் உள்பக்கம் 'மேக்ஸ் லோடு 560 கிலோ' என்று இருக்கிறது. அவ்வளவு எடையா?

அவ்வளவு இருந்தால் அதைக் கழற்றி உள்பக்கம் பார்த்திருக்கவே மாட்டீர்கள் ஐயா. அது வீல் தாங்கும் பாரம். வீலின் சொந்த எடையைப் பெரும்பாலும் அதில் பொறிப்பதில்லை. பக்கத்திலேயே விட்டமும் அகலமும் ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) இருக்கும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு சொல்லாமல் எடை மட்டும் எழுதி அனுப்பினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

கும்பகோணம்: வீட்டு எடை மெஷினில் நான் மட்டும் ஏறினேன், அப்புறம் வீலைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கழித்தால் 6.3 கிலோ. அதே கார் வைத்திருக்கும் நண்பர் 7.6 என்கிறார். யார் சரி?

இரண்டு பேரையும் நம்ப மாட்டேன். மாதம் நாலு பேராவது இப்படி எழுதுகிறீர்கள், நானும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

80 கிலோ ஆளை நிறுக்க வந்த மெஷின் அது. அரை கிலோ முன்னே பின்னே காட்டினாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. 80-ஐ 87-இலிருந்து கழித்து ஏழு எடுக்கும்போது இரண்டு தடவையின் பிழையும் அந்த ஏழின் தலையில் விழுகிறது. வீலை மார்போடு அணைத்து நிற்கையில் குதிகாலில் சாய்வீர்கள், அதுவும் சேரும். மூன்று தடவை ஏறினாலும் ஒரே எண்தான் வந்தது என்று சொல்லாதீர்கள். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் சில மெஷின்கள் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும்.

நானும் ஏமாந்தவன்தான். சில வருடத்துக்கு முன் ஒரு பழைய அலாய் செட் வாங்கப் போனேன். கடைக்காரர் மீன் நிறுக்கிற தொங்கு தராசில் மாட்டி 6.80 என்று காட்டினார். திரையில் புள்ளிக்குப் பின் இரண்டு எண் தெரிந்ததும் துல்லியம் என்று நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒழுங்காக நிறுத்தால் 7.9. பத்து கிராம் வரை எழுதிக் காட்டுவது வேறு, பத்து கிராம் வரை சரியாக இருப்பது வேறு.

சரி, எப்படி நிறுப்பது? பலசரக்குக் கடையில் 30 கிலோ பிளாட்பாரம் தராசு இருக்கும். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போங்கள். முத்திரை போட்ட எடைக்கல் 5 கிலோவும் 2 கிலோவும் கேட்டு வாங்கி முதலில் அதை வையுங்கள். 7.06 காட்டினால் வீலின் எடையில் அந்த 60 கிராமைக் கழியுங்கள். நிறுக்கிற பொருளுக்குப் பக்கத்து எடைக்கல்லால் சோதிப்பதுதான் முக்கியம், 200 கிராம் கல்லால் சோதித்துப் பயனில்லை. அப்புறம் ஃபேனை நிறுத்துங்கள். வீல் தட்டைவிடப் பெரியது. அதன் விளிம்பு திரை நிற்கும் கம்பத்தில் சாய்ந்தால் எடை குறைத்துக் காட்டும், எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். ஒரு சின்ன வாளியைக் கவிழ்த்து, மேலே துண்டு போட்டு, பூஜ்யமாக்கிவிட்டு அதன்மேல் வீலை வையுங்கள். எடுத்து எடுத்து மூன்று முறை. நான்கு வீலையும் நிறுங்கள். ஒரே வார்ப்பில் வந்தவையே நூறு கிராம் வித்தியாசப்படலாம்.

பாபநாசம்: ரைஸ்மில் எடைமேடையில் போடலாமா?

லாரி நிறுக்கும் மேடை 5 கிலோ, 10 கிலோ படியில்தான் நகரும். வேண்டாம்.

நாகப்பட்டினம்: டயரைக் கழற்றாமல் ஒப்பிட முடியாதா?

ஒரே டயர், ஒரே தேய்மானம் என்றால் முடியும். புது டயருக்கும் வழுக்கை டயருக்கும் ஒரு கிலோ வாக்கில் வித்தியாசம் வரும். நீங்கள் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். காற்றுக்குக்கூட எடை உண்டு. 15 இஞ்ச் டயரில் 33 பவுண்டு அடித்தால் எழுபது கிராம் சொச்சம் ஏறும். சக்கரம் ஆடாமல் சுழல ரிம்மில் ஒட்டும் பேலன்சிங் ஈயத்தையும் மறக்க வேண்டாம். டிக்கியையும் ஒரு தடவை பாருங்கள். அலாய் கார்களில் ஸ்டெப்னி பெரும்பாலும் ஸ்டீல். அதே அளவாக இருந்தால் ஒப்பிட வேறு வீல் தேடி அலைய வேண்டாம்.

வலங்கைமான்: நடவு நேரத்தில் வயல்பக்கம் போய் வந்தபின் 80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வீல் எடை மாறிவிட்டதா?

மாறித்தான் இருக்கிறது. ரிம்மின் உள்வளைவில் நம்ம ஊர் களிமண் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்திருக்கும். அண்மையில் ஒரு வீலில் மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன், ஒரு கைப்பிடிக்கு மேல் வந்தது. பேலன்சிங்குக்கு ஐந்து ஐந்து கிராமாக ஒட்டுகிறோம், நீங்கள் மண்ணை அப்பிக்கொண்டு வருகிறீர்கள். கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம். நிறுக்குமுன் கழுவுவதும் இதற்காகத்தான்.

மயிலாடுதுறை: வீலுக்கு ஒரு கிலோ குறைந்தால் மைலேஜ் எவ்வளவு கூடும்?

கண்ணுக்குத் தெரியாது. சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கும்போது ஒரு கிலோ ஏறக்குறைய ஒன்றரை கிலோபோல் நடந்துகொள்ளும். பத்து மடங்கு என்பதெல்லாம் விற்கிறவர் கணக்கு. நான்கு வீலுக்கும் சேர்த்து ஆறு கிலோ, பின்சீட்டில் பாதி வாழைத்தார். குண்டு குழியில் சக்கரம் தரையை விடாமல் பிடிப்பது கொஞ்சம் மேம்படும், அதற்காக வேண்டுமானால் மாற்றுங்கள்.

தரங்கம்பாடி: வீலைக் கழற்ற காரோடு வந்த ஜாக் போதுமா?

கழற்ற போதும். கழற்றிய வீலை உடனே நிறுக்க ஓடாமல் காருக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுப் போங்கள். மணல் தரை என்றால் ஜாக்குக்குக் கீழே பலகை.