பல்கலைக்கழகங்கள் கூட்டாக வாங்கும் மின்சேவைகளுக்குக் கொடுக்கும் பணம் தகுமா?

ஆய்விதழ்களின் இணையச் சந்தா, வளாக வைஃபை போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் தகும். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் மாணவர் என்று தோன்றுகிறது. கட்டண ரசீதில் படிப்புக் கட்டணத்துக்குக் கீழே ‘இதர கட்டணம்’ என்றொரு வரி இருக்குமே, அதைப் பார்த்துவிட்டு, “நூலகப் பக்கமே போகாத எனக்கு எதற்கு இந்தத் தண்டம்?” என்று கேட்கிறீர்கள் போலும். சிங்கப்பூரில் ஓர் உயர்கல்வி நிறுவன நூலகத்தின் மின்வளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். “அங்கே சம்பளம் வாங்கியவன் வேறு எப்படிப் பேசுவான்” என்று சொல்ல வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

முதலில் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்துக்குப் போனாலும், பரிமாற்றத் திட்டத்தில் லண்டனுக்குப் போனாலும், கைப்பேசி தானாக இணைந்துகொள்கிறது. போன இடத்துக்கு அவருடைய கடவுச்சொல் தெரியாது. பயனர் பெயரின் வால்பகுதியைப் பார்த்து, விசாரணையைச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிடுவார்கள். “எங்கள் பிள்ளைதான்” என்று அங்கிருந்து பதில் வந்ததும் இணைப்புக் கிடைத்துவிடும். இங்கே இதை நடத்துவது 1997இல் தொடங்கப்பட்ட சிங்அரென் அமைப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் எடுரோம் இருக்கிறது. அத்தனை நிறுவனங்களோடும் தனித்தனியே ஒப்பந்தம் போடுவதென்றால் வழக்கறிஞர் கட்டணமே கட்டுப்படியாகாது.

என் வயிற்றெரிச்சல் மின்னிதழ்களைப் பற்றியது. சந்தாவைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் எக்செல் தாள் ஒன்று தயாராகும். தரவுத்தளத்தின் பெயர், ஆண்டுச் சந்தா, பதிவிறக்க எண்ணிக்கை, முன்னதைப் பின்னதால் வகுத்த விடை. விடை ஒரு வரம்பைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். நிதிப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கண் முதலில் சிவப்புக் கட்டத்துக்குத்தான் போகும். ஓர் ஆண்டு தெற்காசிய வரலாறு சார்ந்த சிறிய தொகுப்பு ஒன்று சிவந்தது. மலாயாத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த பகுதிநேர மாணவி ஒருவரும் அவருடைய நெறியாளரும்தான் அதை விடாமல் பயன்படுத்தியவர்கள். “இரண்டு பேருக்காகவா?” என்றார் அதிகாரி. தொகுப்பு போயிற்று.

சில வாரங்களில் அந்த மாணவி மடிக்கணினியைத் திறந்தபடியே எங்கள் நூலகச் சேவை முகப்புக்கு வந்தார். பகலில் பள்ளி ஆசிரியை. கழுத்தில் பள்ளி அட்டைகூட அப்படியே தொங்கியது. “சார், கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது.” திரையில் பார்த்தேன். ஒரே கட்டுரைக்கு முப்பது அமெரிக்க டாலருக்கு மேல். அதன்பிறகு அவருக்கு வேண்டிய கட்டுரைகளை வேறு நூலகங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொடுத்தோம். படிவம் நிரப்புவது, நினைவூட்டுவது எல்லாம் எங்கள் ஆட்களின் வேலை நேரத்தில்தான். அந்தச் செலவு சம்பளக் கணக்கில் மறைந்துவிட்டது. எக்செல் தாளில் அது மிச்சம் பிடித்த பணம்!

அந்த எண்ணிக்கையாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. பதிவிறக்கங்களை எண்ணுவதற்கு கவுன்டர் என்ற சர்வதேச வழிமுறை இருக்கிறது. 2019இல் ஐந்தாம் பதிப்பு நடைமுறைக்கு வரும்வரை, ஒரே ஆள் ஒரே கட்டுரையை இணையப் பக்கமாகத் திறந்துவிட்டுப் பிறகு பிடிஎஃப் கோப்பாக இறக்கினால் இரண்டு என்று கணக்கு. ஆக, எல்லோரையும் இணையப் பக்கம் வழியாகவே பிடிஎஃபுக்கு அழைத்துப்போகும் பதிப்பகம் மலிவானதாகத் தெரிந்தது. இதைச் சந்தா புதுப்பிக்கும் கூட்டத்திலேயே சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

பேரம் பேசுவதில்தான் கூட்டுக்கு உண்மையான பலம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் வளாகங்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே குரலில் பேசியதால்தான் 2019இல் எல்செவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்தோடு நடந்த சந்தா பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு வெளியேற முடிந்தது. 2021இல் புது ஒப்பந்தத்தோடு திரும்பியது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஜிஸ்க் அமைப்பின் வழியாகச் சேர்ந்து பேசி 2022இல் அதே பதிப்பகத்தோடு உடன்பாடு கண்டன. நம் ஊரில் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களே ஆறுதான். தனித்தனியாகப் போய் நின்றால் பதிப்பகம் சொன்னதுதான் விலை.

எல்லாமே தகும் என்று நான் சாதிக்கவில்லை. யாரும் தொடாத மென்பொருளுக்கு உரிமம் வாங்கி வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதை வெட்டுங்கள், யார் வேண்டாமென்றது?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி உயிரை வாங்கினார்கள். காரணமின்றி அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது. எங்கள் கணினிப் பிரிவின் காதில் அது விழவில்லை. மாற்றிய மறுநாள் கைப்பேசி பழைய கடவுச்சொல்லோடு வைஃபையை முட்டிமுட்டிக் கணக்கே பூட்டிக்கொள்ளும். வரிசை நிற்பது கணினிப் பிரிவில் அல்ல, எங்கள் முகப்பில். பேராசிரியர்கள் விசைப்பலகைக்கு அடியில் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டிவைத்திருந்தார்கள். பாதுகாப்பாம்!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படிக்கும்போதே நூலகரிடம் போய் உங்கள் துறைக்கு என்னென்ன சந்தா இருக்கிறது என்று கேளுங்கள். பட்டம் வாங்கியபின் பெரும்பாலான தரவுத்தளங்கள் கைவிட்டுப் போய்விடும். அப்போது தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்கள் இருக்கின்றன; குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். தமிழ் முரசின் பழைய இதழ்களைக்கூட அவர்களுடைய நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடிப் பார்க்கலாம்.