சொல்லாமல் போன போர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா இறந்து 26 நாள் ஆகிறது. 21 ஆண்டு ராணுவத்தில் இருந்தவர். ஒரு போரைப் பார்த்தவர். ஓய்வுபெற்று வந்து 34 ஆண்டு எங்களோடு இருந்தார். அந்தப் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பதக்கங்கள் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடக்கும். இடி இடித்தால் எழுந்துபோய்ச் சுவரோரம் நிற்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரோடு பட்டாளத்தில் இருந்த நண்பர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். மாலை முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், பேச்சே இருக்காது. இருட்டியதும் அப்பா போய் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வருவார்.

சனிக்கிழமை இரவு எங்கள் ஐந்து பேர் ஷூக்களுக்கும் பாலிஷ் போட்டு, மறுநாள் பூசைக்காக வாசலில் நூல் பிடித்தாற்போல வைப்பார். ஜெபமாலை சொல்லும்போது நாங்கள் தூங்கி விழுந்தால் எழுப்ப மாட்டார், எங்கள் பங்கையும் அவரே சொல்லிவிடுவார். கோபமும் உண்டு. அண்ணனை ஒருமுறை பெல்ட்டால் அடித்தார். அதன்பின் இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை.

அடக்கத்தன்று அவரைப் பற்றிப் பேச நினைத்தேன். திருப்பலிக்குள் புகழுரை கூடாது என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். மனம் நொந்துபோனது. இப்போது 30ஆம் நாள் பூசை முடிந்து உறவினர்கள் கூடும்போது வாசிக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். ‘நேர்மையான ராணுவ வீரர், பக்தியுள்ள கத்தோலிக்கர், அன்பான குடும்பத் தலைவர்’ என்று எழுதினேன். அதற்குமேல் ஒரு வரி நகரவில்லை. போரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வீரர் என்று எப்படி எழுதுவது? அடித்ததை எழுதலாமா, விட்டுவிடுவதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதி நின்றுபோன அந்த வரியில் இருப்பவை மூன்று சட்டைகள். கொடியில் காய்கின்றன, உள்ளே ஆள் இல்லை. யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும். ஆள் உங்கள் கடிதத்தில் இருக்கிறார், நூல் பிடித்து வைத்த ஷூக்களுக்குப் பக்கத்தில். எனக்கு எழுதும்போது வந்தவர், சபைக்கு எழுத உட்கார்ந்ததும் போய்விட்டார். என் அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அரைமணி நேரம் பேசினார். யாரோ மிக நல்ல மனிதர் ஒருவர் இறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் பங்குத்தந்தை விஷயம். அது அவர் சொந்த விருப்பம் இல்லை. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை 382ஆம் எண்ணில், அடக்கத் திருப்பலியில் சுருக்கமான மறையுரை இருக்கலாம், எந்த வகைப் புகழுரையும் ஆகாது என்றே சொல்கிறது. நான் உங்கள் மதத்தவன் இல்லை. ஆனாலும் இதன் பின்னால் உள்ள எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. புகழுரை ஒரு வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டுக் கணக்கை மூடுகிறது. திருச்சபையோ, இவருக்கு இன்னும் உங்கள் செபம் தேவைப்படுகிறது என்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் அடக்கச் சடங்கு நூலின்படி, படைவீரரின் பெட்டிமேல் போர்த்திய தேசியக் கொடியைக்கூட ஆலய வாசலில் எடுத்துவிட வேண்டும். உள்ளே போகும்போது ஞானஸ்நானத்தை நினைவூட்டும் வெள்ளைத் துணிதான், அது தளபதிக்கும் சமையல்காரருக்கும் ஒன்றே. வெளியே வந்தபின் கொடியை மறுபடி போர்த்திக்கொள்ளலாம். அதே நூல், திருப்பலியின் முடிவில் இறுதிப் பிரியாவிடைக்கு முன் குடும்பத்தார் ஒருவர் நினைவாகச் சில வார்த்தை பேசவும் இடம் தருகிறது. அது உங்களுக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை, போகட்டும். முப்பதாம் நாள் பூசைக்குப் பின் உங்களை எந்த விதியும் தடுக்காது.

போரைப் பற்றி. தெரியாததை எழுதாதீர்கள். அவருடைய படைப்பிரிவின் வரலாற்றைத் தேடி எடுத்து, ‘அந்தக் கடும் சண்டையில் அப்பாவும்’ என்று ஆரம்பிக்கும் ஆசை வரும். வேண்டாம். 34 ஆண்டு பூட்டி வைத்திருந்த பெட்டி அது. அவர் போனபின் பூட்டை உடைத்து, உள்ளே நாமே எதையாவது வைத்து மூடுவது நியாயமாகாது. அவர் பேசவில்லை என்பதையே எழுதுங்கள். இடி இடித்தால் சுவரோரம் நின்றதை எழுதுங்கள், காரணம் சொல்லாமல்.

உங்கள் வேதாகமத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தில் கொர்னேலியு வருகிறார். செசரியாவில் இருந்த உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர். அந்த நூலை எழுதிய லூக்கா அவரை எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்று பாருங்கள்: இத்தாலியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர், வீட்டார் அனைவரோடும் கடவுளுக்கு அஞ்சி நடந்தவர், ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தவர், இடைவிடாது செபித்தவர். அவ்வளவுதான். எந்தச் சண்டை, எத்தனை காயம், ஒன்றும் இல்லை. படைப்பிரிவின் பெயர் மட்டும் ஒரு தடவை வந்து போகிறது. அவர் படைவீரர் என்பதை நாம் அதற்காக மறந்துவிடவில்லை.

இன்னொன்று, இதை நீங்கள் கவனித்திருக்கவும் கூடும். கப்பர்நாகூமில் நோயுற்ற தன் வேலையாளுக்காக இயேசுவிடம் வந்து, நீர் என் வீட்டுக்குள் வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றவரும் ஒரு நூற்றுவர் தலைவர்தான். எனக்கும் அதிகாரிகள் உண்டு, எனக்குக் கீழும் ஆட்கள் உண்டு, ‘போ’ என்றால் போகிறான் என்று அவர் தொடர்ந்து சொல்வது அசல் பட்டாளத்துப் பேச்சு. அந்தப் பட்டாளத்துக்காரரின் சொற்களைத்தான் ஒவ்வொரு பூசையிலும் நற்கருணைக்குச் சற்று முன் எல்லோரும் சொல்கிறீர்கள். ஓய்வுக்குப் பிறகான ஞாயிறுகளை மட்டும் கணக்கிட்டாலே உங்கள் அப்பா 1,700 முறைக்கு மேல் சொல்லியிருப்பார், பாலிஷ் போட்ட ஷூக்களோடு உங்கள் ஐந்து பேருக்கு நடுவில் நின்று. அதை என்ன நினைத்துச் சொன்னார் என்று நாம் ஊகிக்க வேண்டாம். சொன்னார் என்பது போதும்.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது? அதியமான் நெடுமான் அஞ்சி போரில் விழுந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் குடித்து மகிழ்வான். எலும்போடு கறி இருக்கும் இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் அவனுக்கு. புலால் நாறும் என் தலையை நரந்தம் மணக்கும் தன் கையால் தடவிக்கொடுப்பான். பெரிய போர்வீரனுக்குப் பாடிய பாட்டில், அவன் உயிரோடிருந்த நாட்களைச் சொல்லும் இடத்தில் போருக்குக் கிடைத்தது அந்த ஒரே அடிதான். மற்றதெல்லாம் சோறு, கள், தலை தடவிய கை.

அந்த அடிகள் ஒவ்வொன்றும் ‘மன்னே’ என்று முடியும். ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சொல்லும் மூன்று பொருளில் முதலாவது கழிவு. இப்படிச் செய்வான், இனி இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். இன்றைய தமிழில் அது வழக்கொழிந்துவிட்டது. நமக்கு மிஞ்சியிருப்பது ‘வைப்பார்’, ‘சொல்லிவிடுவார்’ மாதிரி வினைகள்தான். உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். ஷூக்களை வைப்பார், எங்கள் பங்கையும் சொல்லிவிடுவார், பேருந்தில் ஏற்றிவிட்டு வருவார். இறந்தவரை நினைத்து வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்பார்கள். தெரியாமலே அதை எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து ‘அன்பான’, ‘பக்தியுள்ள’ எல்லாவற்றையும் வெளியே வையுங்கள்.

அடித்ததை எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். புனித அகுஸ்தினார் தன் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதும்போது, சிறுமியாக இருந்த காலத்தில் பீப்பாயிலிருந்து திராட்சை மது எடுக்கப் போனவள் சிறிது சிறிதாகக் குடிக்கப் பழகியதையும், வீட்டு வேலைக்காரப் பெண் அதைக் குத்திக்காட்டியதையும் எழுதியிருக்கிறார். அவரும் ஒரு புனிதை, மகன் அதை மறைக்கவில்லை. 387இல் ஒஸ்தியா துறைமுகத்தில் சாகக் கிடந்த மோனிக்கா, உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அதுமட்டும் போதும் என்றாராம். குறையே இல்லாதவரை எதற்காகப் பீடத்தில் நினைக்க வேண்டும்?

ஆனால் ஒரு நிபந்தனை. பெல்ட் பட்டது உங்கள் முதுகில் அல்ல. அண்ணனிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பட்டினி கிடந்த இரண்டு நாளையும் சேர்த்து விட்டுவிடுங்கள். அடியைச் சொல்லாமல் பட்டினியை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். சரி என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே போங்கள். ‘ஆனாலும் அவர் மனம் பொன்’ என்று ஒட்டுப் போட வேண்டாம்.

நீளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். அம்மா இருக்கிறார்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இருந்தால் முந்தின நாள் அவர்களுக்கு மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தும் இடங்களை மறுபேச்சில்லாமல் திருத்திவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த நண்பருக்குச் செய்தி போயிற்றா? அடக்கத்துக்கு வந்தாரா என்றும் நீங்கள் எழுதவில்லை. இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அவர் வந்தால் பேசச் சொல்லி எழுப்பிவிடாதீர்கள். திரும்பும்போது யாராவது ஒருவர் உடன்போய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டு வாருங்கள்.