புங்க டீசலில் மண்டி: வடிகட்டும் முன் கழுவினதா என்று பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் நாலு ஏக்கர் சம்பா. வயலில் தேங்கும் மழைத் தண்ணீரை இறைக்க டீசல் இன்ஜின் வைத்திருக்கிறேன். புங்க எண்ணெய் பயோடீசல் ஒரு பேரல் வாங்கி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டுகிறேன். பேரல் அடியில் பழுப்பாக மண்டி. ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது. விற்றவர் ஏதோ மருந்து ஊற்றச் சொல்கிறார். எந்தத் துணியில் வடிகட்டலாம் ஐயா?

பதில்: மருந்து வேண்டாம், காசுதான் போகும். துணியும் அப்புறம். மண்டியில் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வெந்நீரில் வையுங்கள். உருகி எண்ணெயோடு கலந்து தெளிந்தால், பயோடீசலாக அரைகுறையாக மாறிய கொழுப்பு குளிரில் உறைந்தது. கலக்காமல் பாகாக அடியிலேயே நின்றால் கிளிசரின். கறுத்து வழவழவென்று இருந்தால் பேரலில் தண்ணீர் இறங்கிக் கிருமி வளர்ந்திருக்கிறது.

அடுத்தது முக்கியம். மேலே தெளிந்த பயோடீசல் பாதி, தண்ணீர் பாதி ஒரு பாட்டிலில் ஊற்றிப் பலமாகக் குலுக்குங்கள். அரை மணிக்குள் இரண்டும் பளிச்சென்று பிரிய வேண்டும். நடுவில் தயிர் மாதிரி வெள்ளை ஏடு நின்றால் அது சோப்பு. கரைந்து கிடக்கும் சோப்பை எந்தத் துணியும் பிடிக்காது. புங்க எண்ணெயில் அமிலம் அதிகம். தயாரிப்பவர் முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து எண்ணெயின் சொந்த அமிலத்தைக் குறைத்த பிறகே, அதைப் பயோடீசலாக மாற்றும் காஸ்டிக் காரத்தைப் போட வேண்டும். அந்தச் சுற்றையும் கழுவுவதையும் விட்டுவிட்டு, நிறத்தைக் காட்டி விற்பவரிடம் வாங்கவே கூடாது. மாறாத எண்ணெய் மிச்சமிருந்தால் கழுவியும் பயனில்லை. பேரலைத் திருப்பிக் கொடுங்கள்.

சோப்பு மட்டும்தான் என்றால் கழுவலாம். பயோடீசல் அளவில் மூன்றில் ஒரு பங்கு மழைத் தண்ணீரைப் பூவாளியால் மெதுவாகத் தூவி, படியவிட்டு, அடித்தண்ணீரைத் திறந்துவிடுங்கள். அது தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். உப்பு போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்பு சோப்பைக் கட்டியாக்கும். பிறகு வெயிலில் அகலப் பாத்திரத்தில் வைத்து ஈரம் போக்குங்கள்; பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் பின்னால் உள்ள பேப்பர் எழுத்து தெரிய வேண்டும். ஒரு வாரம் ஆறவிட்டு, விடிகாலைக் குளிரில் 5 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். மத்தியான வெயிலில் உறைகொழுப்பு கரைந்து தப்பிவிடும்.

பாதிக்குப் பாதி அதிகம், 20 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். பழைய டேங்கில் ஒட்டிய டீசல் அழுக்கையும் பயோடீசல் கிளப்பிவிடும். டேங்கைக் கழுவி, தொடக்கத்தில் ஓரிரு ஃபில்டர் மாற்றத்தான் வேண்டும். பேரலில் பித்தளைக் குழாய் இருந்தால் கழற்றிவிடுங்கள், பித்தளையில் உள்ள செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டு மறுபடி பிசின் படியும்.